மஞ்சணத்தியில் வெள்ளம் இல்லை

விசாரணை அதிகாரி பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அதன் அடிப்பக்கத்தால் என் வாக்குமூலத்தில் ஒரு வரியைத் தொட்டார்.

“‘கீழ் ஸ்டேஷனுக்கு டெலிபோனில் தகவல் தரப்பட்டது.’ சரி. யாரால்?”

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். கொட்டிய மழை முந்தின நாளே நின்றுவிட்டது. ஆனாலும் ஓட்டுக்கூரையின் ஓரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. என் மேஜை, என் நாற்காலி, என் மைக்கூடு. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே கொச்சுராமன் நின்றார். எங்கள் ஸ்டேஷனின் பம்பு டிரைவர். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கி, கைகளை மார்போடு கட்டியிருந்தார். அவருக்கு உள்ளே பேசுவது கேட்டிருக்கும். ஆனால் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘யாரால்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்றைச் சொன்னால் என் வேலை போகலாம். மற்றொன்றைச் சொன்னால் கொச்சுராமன் வேலை போகும். அவருக்கு வேலையோடு வீடும் போகும். பம்புக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அவரும் மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். அது ரயில்வே கம்பெனியின் அறை.

அதிகாரி அவசரப்படவில்லை. பென்சிலைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

நான்கு இரும்புக் கால்கள்

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு அச்சன்புதூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கொல்லம் போகும் ரயிலில், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால், இடதுபுறம் கூரையில்லாத ஒரு கட்டிடமும் பக்கத்தில் நான்கு இரும்புக் கால்களும் தெரிகின்றன, அவை என்ன என்று கேட்டிருந்தார். வெள்ளைக்காரன் வேட்டைக்கு வந்து தங்கிய பங்களா என்று பெட்டியில் ஒருவரும், யுத்த காலத்து மருந்துக் கிடங்கு என்று இன்னொருவரும் சொன்னார்களாம்.

இரண்டும் இல்லை. அது மஞ்சணத்தி ஸ்டேஷன். இரும்புக் கால்கள் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கியவை. அங்கே நான் மூன்று வருஷமும் சில மாதங்களும் குமாஸ்தாவாக இருந்தேன். ஊரார் ஸ்டேஷன் மாஸ்டர் என்பார்கள். அந்தப் பட்டத்தை நான் மறுத்ததும் இல்லை, கம்பெனி அதைக் கொடுத்ததும் இல்லை.

ஸ்டேஷன் என்று திறந்தது என்பதற்கு மூன்று ஆதாரங்களைத் தேடிப் பிடித்தேன். வாசற்படிக் கல்லில் வருஷம் செதுக்கியிருந்தது, கடைசி இலக்கம் தேய்ந்து போயிருந்தது. பழைய கால அட்டவணை ஒன்றில் ஊரின் பெயர் பேனாவால் சேர்க்கப்பட்டிருந்தது, தேதி இல்லை. மூன்றாவது, தென்காசிச் சந்தையில் வெற்றிலை விற்றவர் வாய்மொழி. தம் மூத்த மகன் பிறந்த சித்திரையில்தான் அங்கே முதல் வண்டி நின்றது என்றார். மகன் எப்போது பிறந்தான் என்று கேட்டேன். ஸ்டேஷன் வந்த வருஷம் என்றார்.

ஆக, இருபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

ஊருக்காக அங்கே ஸ்டேஷன் வரவில்லை. தண்ணீருக்காக வந்தது. மலை ஏறும் வண்டிக்குப் பின்னாலும் ஓர் இஞ்சின் நின்று தள்ளும். ஏறுவதற்கு முன் இரண்டும் வயிறு நிறையக் குடிக்க வேண்டும். சமவெளிக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கொதிகலனில் சுண்ணாம்பு படியும். மஞ்சணத்தியில் மலையிலிருந்து இறங்கும் கல்லோடைத் தண்ணீர் பஞ்சு மாதிரி. அதைப் பம்பு வைத்துத் தொட்டிக்கு ஏற்றினார்கள். தொட்டியிலிருந்து இஞ்சினுக்கு ஊற்றும் வளைந்த குழாயை ஊரார் தும்பிக்கை என்றார்கள்.

எப்படியும் வண்டி நிற்கிறதே என்று பலாப்பழக்காரர்கள் ஏறத் தொடங்கினார்கள். கடையநல்லூர்த் துணி வியாபாரிகள் மூட்டையோடு இறங்கினார்கள். பிறகு மனுப் போட்டு ஒரு டிக்கெட் ஜன்னலும் ஓர் அறையும் வாங்கினார்கள். அந்த அறையில் எப்போதும் பலாப்பழ வாடை அடிக்கும். மஞ்சணத்திப் பழம் அழுகும் மாதங்களில் அதைவிட மோசமான வாடை அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு டிக்கெட் கேட்பார்கள்.

அதன் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பம்பு நின்றது. பம்பு நின்றதும் இஞ்சின்கள் சமவெளிப் பக்கம் எங்களுக்கு முந்தின கீழ் ஸ்டேஷனிலேயே குடிக்கப் பழகின. இஞ்சின் நிற்காத இடத்தில் மனிதருக்காக வண்டி நிற்குமா? யுத்தத்தின்போது பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நாற்பதுகளில் ஒருமுறை அந்த வழியாகப் போனேன். வண்டி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

பம்பு ஏன் நின்றது? ஓட்ட ஆள் இல்லை. ஆள் ஏன் இல்லாமல் போனார் என்பதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். நடந்த ஆண்டை மட்டும் கேட்காதீர்கள். முப்பதுகளின் நடுவில். அந்த மூன்று பெண்களும் இன்று எங்கோ பாட்டிகளாக இருப்பார்கள். ஆண்டைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். அதனால்தான் கீழ் ஸ்டேஷனின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன்.

செம்பில் பிடிக்கவா?

கொச்சுராமன் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். நான் சேருவதற்கு நான்கு வருஷம் முன்பே வந்தவர். அவர் வந்த முதல் நாளைப் பற்றிப் போர்ட்டர் மாடசாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

வெயிலில் நடந்து வந்த மனிதர் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் மொழியில் வெள்ளம் என்றால் தண்ணீர். மாடசாமிக்கு அது தெரியும், புளியறைச் சந்தைக்குப் போய் வருகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் விடவில்லை.

“என்னவே, வெள்ளமா கேக்கீரு? செம்புல பிடிச்சுத் தரட்டுமா, இல்ல கொளத்த ஒடச்சு விடட்டுமா?”

அன்றிலிருந்து அது எங்கள் ஸ்டேஷனின் நிரந்தர வேடிக்கை. கொச்சுராமனும் தமிழ் கற்றுக்கொண்டார். நெல்லைத் தமிழில் மாடசாமியோடு சண்டை போடும் அளவுக்குக் கற்றுக்கொண்டார். ஆனால் சில சொற்கள் மட்டும் மாறவில்லை. நிதானமாகப் பேசினால் தண்ணீர் என்பார். அவசரம் வந்தால் வெள்ளம்தான்.

எங்களுக்குள் அது குழப்பம் தந்ததே இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அரை மணி முன்னால் அவர் ஜன்னலருகே வந்து, “மாஸ்டரே, வெள்ளம் நிறச்சு” என்பார். தொட்டி நிறைந்தது என்று அர்த்தம். நான் டெலிபோனில் கீழ் ஸ்டேஷனைக் கூப்பிட்டு, “தண்ணி ரெடி” என்பேன். அவர் சொல்லை என் சொல்லாக மாற்றுவது என் வேலைகளில் ஒன்று என்பதையே நான் உணர்ந்ததில்லை. நான் இல்லாத அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

டெலிபோனைக் குமாஸ்தாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. பெட்டியின் மேலேயே ஒட்டியிருந்தது, இரண்டு மொழிகளில்.

திங்கட்கிழமை

ஞாயிறு மாலை தொடங்கிய மழை. குற்றாலத்தில் அதைச் சாரல் என்று கொண்டாடுவார்கள். எங்களுக்கு அது சாரலாகத் தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் சுவர் நின்றது. அதற்குள்ளிருந்து இடைவிடாமல் ஓர் இரைச்சல்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது மழையளவு எழுதும் பழக்கம் இருந்தது. யாரும் சொல்லவில்லை, கம்பெனிக்கு அது தேவையும் இல்லை. ஒரு புத்தகத்தில் படித்து, கண்ணாடிப் புனலும் அளவு கீறிய போத்தலும் தென்காசியில் வாங்கி, ஸ்டேஷனுக்குப் பின்னால் மேட்டில் நட்டு வைத்திருந்தேன். தினமும் காலையில் ஒரு முறை பார்ப்பேன். அந்தத் திங்கட்கிழமை மணிக்கு ஒரு முறை பார்த்தேன். போத்தல் வழிந்துவிடுமோ, கணக்கு விட்டுப்போகுமோ என்பதுதான் என் கவலை. ரயிலைப் பற்றியோ பாலத்தைப் பற்றியோ அல்ல.

பதினொரு மணிக்குச் சற்று முன் கொச்சுராமன் தொப்பலாக வந்தார். ஓடையின் வேகத்தில் பம்பின் உறிஞ்சு குழாயில் சருகும் சேறும் அடைத்துவிட்டன, தொட்டி காலி, மலை வண்டிக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்றார். கீழ் ஸ்டேஷனில் சொல்லி அங்கேயே இஞ்சினை நிரப்பச் சொல்ல வேண்டும். டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினேன். பதில் இல்லை. மீண்டும் சுற்றினேன். ஈரத்தில் கம்பி அடிக்கடி இப்படித்தான் செய்யும்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. போத்தல் ஞாபகம் வந்துவிட்டது.

“கொச்சுராமன், இங்கன நில்லும். மணி அடிச்சா எடுத்து விஷயத்தச் சொல்லிரும். நான் இந்தா வந்துருதேன்.”

அவர் அந்த ஒட்டிய காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார்.

மேட்டுக்குப் போய் வர ஆறு நிமிஷம். அதற்குள் மணி அடித்திருக்கிறது. கீழ் ஸ்டேஷனில் அவர்களுக்கு வேறு கவலை. எங்கள் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் கல்லோடை தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறது, அங்கே தாழ்வான ஒரு பாலம். மழையில் அது எப்படி இருக்கிறது என்று தெரியாமல் வண்டியை விட முடியாது. அதனால் அவர்கள் கேட்டது இது.

“அங்கே வெள்ளம் எப்படி இருக்கு?”

கொச்சுராமன் தம் வாழ்நாளில் அதைவிடத் தெளிவான கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். தொட்டி காலியாகக் கிடக்கும்போது வெள்ளம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். உரக்கவே சொன்னாராம்.

“வெள்ளம் இல்ல. தீரே இல்ல.”

கொஞ்சம்கூட இல்லை என்று அர்த்தம். கீழ் ஸ்டேஷன் திருப்தியோடு போனை வைத்தது.

நான் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்றார். நல்லது என்றேன். மழையளவை நோட்டில் எழுதினேன். அப்படி ஓர் அளவை அதற்கு முன் நான் எழுதியதில்லை. அந்த எண்ணை இருமுறை அடிக்கோடிட்டது நினைவிருக்கிறது.

பதினொன்றரை இருக்கும். மாடசாமி வாசலில் நின்று காதைத் தீட்டினார்.

“ஐயா, கீழ ஒரு சத்தம் கேக்கு பாத்தீயளா? விசில நிப்பாட்டவே மாட்டுக்கான்.”

எனக்கும் கேட்டது. ஒரே நீள விசில். மூச்சு விடாமல், ஒரு மிருகத்தின் அலறல் மாதிரி.

இஞ்சின் டிரைவர் நல்ல கண்காரர். பாலத்தின் மேல் தண்ணீர் புரள்வதைத் தூரத்திலேயே பார்த்துப் பிரேக்கைப் போட்டிருக்கிறார். ஆனால் பாலத்துக்கு முந்தின மண்கரை ஊறிப் போயிருந்தது. இஞ்சினின் முன்சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சேற்றில் புதைந்து, அது ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒருவருக்குக் கை முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் கீழ் ஸ்டேஷனை நோக்கித் தண்டவாளத்தோடு நடந்தார்கள். இன்னும் முப்பது கஜம் போயிருந்தால் வண்டி ஓடைக்குள் விழுந்திருக்கும், நான் இந்தத் தொடரை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

டெலிபோன் மணி அடித்தது. இந்த முறை நானே எடுத்தேன்.

“வெள்ளம் இல்லேன்னீரே ஓய்! தீர இல்லேன்னீரே!”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டேன். கொச்சுராமன் எதிரில்தான் நின்றார். போனிலிருந்து வந்த சத்தம் அவருக்கும் கேட்டது. ஒரு சொல் தம்மை என்ன செய்துவிட்டது என்பதை அவர் மெல்ல மெல்லப் புரிந்துகொள்வதை நான் பார்த்தேன்.

செயப்பாட்டு வினை

அன்று மாலைக்குள் எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் தவறு வரும் என்று பயப்படுகிறவர்கள் தாய்மொழியில் எழுதலாம் என்று அனுமதி இருந்தது. நான் தமிழில் எழுதினேன்.

மழை தொடங்கிய நேரம், பம்பு அடைத்த நேரம், நான் டெலிபோனைச் சுற்றியும் பதில் வராத நேரம், எல்லாவற்றையும் நிமிஷம் பிசகாமல் எழுதினேன். ஐந்து மணிக்கு அந்த வரிக்கு வந்தேன். ‘நான் மழையளவு பார்க்கப் போயிருந்தபோது, என் சொற்படி பம்பு டிரைவர் டெலிபோனை எடுத்து’ என்று எழுத வேண்டும். பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன், எடுத்தேன், திரும்பத் தோய்த்தேன்.

மழையளவு பார்க்கப் போனவன் யார், எந்த உத்தரவின் பேரில் என்று கேட்பார்கள். விதியை மீறி இன்னொருவர் கையில் டெலிபோனைக் கொடுத்துவிட்டு, ஒரு போத்தலைப் பார்க்கப் போனேன் என்று எந்த வாயால் சொல்லுவது?

அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. ‘தகவல் தரப்பட்டது.’ பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்று கற்றுத் தந்ததன் பயன் எனக்கு அன்றுதான் விளங்கியது. பொய் இல்லை. தகவல் தரப்பட்டதுதான். ஆனால் அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.

மாடசாமி எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. யாரு செஞ்சான்னு அந்தச் சாமிக்கே தெரியாதுபோல.”

அவர் கிண்டலாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரி கீழ் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கினார். கொச்சுராமனை அங்கே வரச் சொல்லி ஆள் வந்தது. பாலம் வழியாகப் போக முடியாது, மேட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். அவர் வெளுத்த வேட்டி கட்டி, குடையோடு என் ஜன்னலைக் கடந்து போனார். ஒரு கணம் நின்றார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று நினைத்திருக்கலாம். நான் பழைய டிக்கெட் அடிக்கட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவசியமே இல்லாத வேலை. அவர் போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் எழுதியதைச் சொல்லும் முறையும் வருமே. அவர் முகத்தில் ஏதோ தீர்ந்துவிட்ட நிம்மதி தெரிந்தது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது. என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார், அதனால்தான் நிம்மதி என்று நினைத்தேன். மூன்று வருஷம் பழகிய மனிதரைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு காகிதங்கள்

புதன்கிழமை காலைக்கு வருவோம். “யாரால்?” என்று கேட்டுவிட்டு அதிகாரி காத்திருக்கிறார்.

ஜன்னல் வழியே கொச்சுராமன் கால்கள் தெரிந்தன. செருப்பில்லாத பாதம், விரலிடுக்கில் சேறு காய்ந்திருந்தது. கடைசிப் பெண் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து, தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொட்டியின் கால் பக்கம் நின்றிருந்தாள். உள்ளே கூப்பிடும்வரை அவர் சாப்பிடமாட்டார் போலிருந்தது.

எதனால் வாய் திறந்தது என்று எனக்குத் தெரியாது. தைரியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பயம் ஓர் அளவுக்கு மேல் தாங்க முடியாததாகிவிட்டது, அவ்வளவுதான்.

“நான்தான் அவரை எடுக்கச் சொன்னேன், ஸார். மழையளவு பார்க்கப் போயிருந்தேன். அவர் வெள்ளம் இல்லை என்றது தண்ணீர் இல்லை என்று. அவர் பேச்சில் அப்படித்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். புனலையும் சொன்னேன். மழை நோட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதில் பதினொன்று ஐந்து என்று நேரம் இருந்தது. அதிகாரி அதைப் பொறுமையாகப் பார்த்தார். சொல் மாறிப்போன விஷயம் தமக்கு நேற்றே தெரியும் என்றும், அது யாருடைய குற்றமும் இல்லை என்றே எழுதப்போவதாகவும் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. கொச்சுராமன் தப்பினார் என்று நினைத்தேன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

அதிகாரி தோல்பையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். அடியில் ஊதாநிறக் கைநாட்டு.

“இது பம்பு டிரைவர் நேற்றுக் கொடுத்தது. கேளும்.”

படித்தார். குமாஸ்தா பாதையைப் பார்வையிட வெளியே போயிருந்தார். டெலிபோனைத் தொடும்படி அவர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. மணி விடாமல் அடித்ததால் நானே உள்ளே போய் எடுத்தேன். குமாஸ்தா மேல் பிழை எதுவும் இல்லை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

“இரண்டில் ஒன்று பொய்,” என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் களைப்புதான் இருந்தது. “உமக்கே கெடுதலாக நீர் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் இது பொய்.”

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் ஸார் என்றேன். அது தமக்குத் தெரிகிறது என்றார். அவசரத்தில் டெலிபோனைத் தொட்டது சின்னத் தப்பு, ஓர் எச்சரிக்கையோடு விட்டிருப்பேன் என்றார். ரயில் கவிழ இருந்ததைப் பற்றிய விசாரணையில், படித்துக் காட்டியபின் கைநாட்டு வைத்துப் பொய் சொன்னவரை வேலையில் வைத்திருக்க விதியில் இடமில்லை என்றார். என் காகிதத்தைப் பொறுத்தவரை, அதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. குறை இருந்தது, அதையும் நானே வந்து நிரப்பிவிட்டேன்.

செயப்பாட்டு வினை என்னைக் காப்பாற்றிவிட்டது.

எனக்கு ஒரு கண்டனக் கடிதமும் சமவெளியில் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றலும் வந்தன. கொச்சுராமன் எட்டு நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை.

பம்புக் கொட்டகை

அவர்கள் கிளம்பிய காலையில் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சாமான் அதிகம் இல்லை. இரண்டு பாய், ஒரு மரப்பெட்டி, சணல் சாக்கில் பாத்திரங்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பெண்கள் மூவரும் சேறு போகக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள், நடந்தால் திரும்பவும் சேறாகும் என்று தெரிந்தும். கொச்சுராமன் பம்பின் பித்தளைக் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இனி அது அவர் பொறுப்பு இல்லை.

உம்மைக் காப்பாற்றத்தான் உண்மையைச் சொன்னேன் என்றேன். முதல் நாளே சொல்லாததற்கு என் பயத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்றேன். எங்கோ படித்த வாக்கியங்களாகத்தான் வந்தன. கேட்டுக்கொண்டே துடைத்தார். பேசி முடித்தேன் என்று தெரிந்ததும் துணியை மடித்துப் பம்பின் மேல் வைத்தார்.

“மாஸ்டர் சத்தியம் பறஞ்ஞது நல்லது. என்ன, ஒரு திவசம் முந்திப் பறஞ்ஞிருக்கலாம்.”

நம் ஊரில் திவசம் என்றால் வேறு. அவர் பேச்சில் அது நாள். ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம் என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. தொட்டி அளவைச் சொல்லும் குரலிலேயே சொன்னார். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். ஐந்து பேரும் தண்டவாளத்தின் ஓரமாக மலையைப் பார்த்து நடந்தார்கள்.

திங்கட்கிழமை மாலை அந்த வரியை எழுதினேன். புதன்கிழமை காலை அதைத் திருத்தினேன். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது. அன்று மழை இல்லை. பாதை அடைபட்டுக் கிடந்ததால் வண்டி எதுவும் இல்லை. டிக்கெட் கேட்டும் யாரும் வரவில்லை. வெளுத்த வேட்டியோடு அவர் என் ஜன்னலருகே நின்றபோது மணி எட்டுகூட ஆகியிருக்கவில்லை. எனக்கு நாள் முழுவதும் நேரம் இருந்தது.